அம்மாயி தோட்டமா, லைன் வீடா?

அப்பா, அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகிற திருப்பூர் வீடுகளில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: மூணு வயசுப் பிள்ளையைக் காங்கேயத்துப் பக்கம் அம்மாயி (அம்மாவின் அம்மா) தோட்டத்தில் விடுவதா, லைன் வீட்டிலேயே வைத்து அங்கன்வாடிக்கு அனுப்புவதா?

தோட்டத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "சாமி, கன்னுக்குட்டிக்கு எத்தனை காலு, எண்ணு பாக்கலாம்?" பிள்ளை மூணு என்றால், "அப்ப நொண்டியா அது?" என்று அம்மாயி மறுகேள்வி போடுவார். இப்படி மாறிமாறிப் பேசுவதில்தான் மூளையில் மொழிக்கான இணைப்புகள் வலுப்படுகின்றன. கூட விளையாட வயசொத்த பிள்ளைகள்தான் இருக்காது.

அங்கன்வாடியில் கூட்டாளிகள் உண்டு, மதியச் சோறும் முட்டையும் உண்டு. சிக்கலே சாயங்காலம்தான், அலுத்து வருகிறவர்கள் போனைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 2 முதல் 4 வயசு வரை திரை நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

என் ஓட்டு தோட்டத்துக்குத்தான், அம்மாயிக்கு சீரியல் பைத்தியம் இல்லாதவரை.