சிபாப் இயந்திரம்: சுகர், பிரஷர், தைராய்டோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது

தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்தான் சிபாப். அதைப் போட்டால் குறட்டை முதல் ராத்திரியே அடங்கிவிடும். பகல் தூக்கமும் அசதியும் போக வாரங்கள் ஆகலாம். மாதக்கணக்கில் போட்டும் போகவில்லை என்றால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன்னால் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

பரிசோதனையிலேயே சிலர் தவறிவிடுகிறார்கள். வீட்டில் விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு தூங்கும் சோதனை மூளை அலையைப் பதிவதில்லை. விழித்துக் கிடந்த நேரமும் தூக்கக் கணக்கில் சேர்வதால், மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்ற எண் (ஏ.எச்.ஐ.) குறைவாகவே வரும். 5-க்குக் கீழ் இயல்பு, 15-க்குள் லேசு, 30-ஐத் தொட்டால் தீவிரம். இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள் எல்லாம் லேபில் தங்கி முழுச் சோதனை செய்வதே சரி. தொண்டை அடைபடுவது ஒன்று. மூச்சிழுக்கும் கட்டளையே மூளையிலிருந்து வராமல் போவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைக்கு ஏ.எஸ்.வி. என்ற இயந்திரம் உண்டு. ஆனால் இதயத்தின் பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களிடம் அது இதய மரணத்தைக் கூட்டியதாக 2015-இல் வந்த ஆய்வு சொன்னது. எக்கோ ரிப்போர்ட் இல்லாமல் அதன் பக்கம் போக வேண்டாம். தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிடுங்கள், தைராய்டு குறைந்தால் நாக்கே தடித்து மூச்சை மறிக்கும்.

அழுத்தத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ இயந்திரங்கள் கடையிலிருந்து பெரும்பாலும் 4 முதல் 20 (செ.மீ. நீர் அளவில்) என்ற அகலமான அழுத்தத்தோடு வருகின்றன. பருமனானவருக்கு 4 போதாது. மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வைத்துவிடுவார். ரிப்போர்ட்டில் 95 சதவீத அழுத்தம் (95 சதவீத நேரம் அழுத்தம் தாண்டாத அளவு) 11 என்று வந்தால், 8 முதல் 13 என்பதுபோல் டாக்டர் குறுக்கித் தருவார். காற்றுக் கசிவையும் பாருங்கள்: ரெஸ்மெட் நிறுவன இயந்திரங்களில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டக் கூடாது. மூக்கு மாஸ்க்கில் காலையில் வாய் வறண்டால், வாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம்.

ஏசி அறையில் வரும் தொல்லை தனி. ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் தண்ணீராகி, நடுராத்திரியில் களகளவென்று மூக்கில் தெறிக்கும். ஈரப்பத அளவை ஒன்றிரண்டு படி குறையுங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள், இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் சூடாகும் குழாய்தான் வழி. காற்றை ஈரப்படுத்தும் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, தினம் கொட்டிக் கழுவுங்கள்.

மாஸ்க்கில் காந்தக் கிளிப் இருந்தால், பேஸ்மேக்கர் வைத்தவர் அதைப் போடக் கூடாது. பக்கத்தில் படுப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் அதே கதைதான். குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

இனி மாத்திரைகள். சிலருக்கு ஏ.எச்.ஐ. 2 என்று அழகாக இருக்கும், ஆனாலும் ராத்திரி சிறுநீருக்கு மூன்று தடவை எழுந்திருப்பார்கள். மூச்சுத்தடையால் வரும் இரவுச் சிறுநீர் சிபாப் போட்டபின் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் சுகர், புராஸ்டேட், சாயங்காலம் போடும் நீர் மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால் ஊறல், குடைச்சல் என்றால் ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பின் அளவு) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், ஃபெரிட்டின் 75-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதுண்டு. அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள், காபியோடும் வேண்டாம். அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரையை மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மாஸ்க் இல்லாமல் தூங்கும் நேரத்தில் மூச்சுத்தடையை அது நீளவைக்கும். பல மாதம் போட்டவர் திடீரென்றும் நிறுத்தக் கூடாது.

சிபாப்பால் ரத்தப் பிரஷர் சராசரியாக 2, 3 புள்ளிதான் இறங்கும். இயந்திரத்தை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. அதில் சராசரிப் பயன்பாடே இரவுக்கு 3.3 மணி நேரம்தான்.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனால் இயந்திரம், மாஸ்க் இரண்டும் கூடவே போகட்டும். சிபாப் போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.