ஒருநாள் ஆற்றுப் பயணத்துக்கு வாடகைக் கயாக்: படகில் குறையில்லை, கணக்கில்தான் குறை

படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், பயணம் முடியும் கரையிலிருந்து திரும்ப அழைத்துவர ஒரு வாகனம் என எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் தரும் சேவை ஒன்றில், நாங்கள் நால்வர் இரண்டு கயாக்குகளை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம்.

பொருள்களைப் பொறுத்தவரை திருப்திதான். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட்டை மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அது காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று மறுபடியும் இறுக்கினார். நீர்புகாத பையின் வாயை மூன்று முறையாவது சுருட்டிய பிறகே கொக்கியைப் பூட்ட வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அவசரத்தில் ஒரே சுருட்டோடு நான் பூட்டிய பையில் மாற்றுத்துணி முழுவதும் நனைந்ததற்கு அவர்கள் பொறுப்பல்ல.

பயணத் திட்டம்தான் ஏமாற்றியது. 14 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்றார்கள். பழக்கமில்லாதவர்கள் அசையாத நீரில் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர் வரைதான் துடுப்புப் போட முடியும். நீரோட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர் இருந்தால் அதுவே மணிக்கு 3.6 கிலோமீட்டரைக் கூட்டிக் கொடுக்கும். ஆகவே அவர்களுடைய கணக்கு ஆறு நன்றாக ஓடும் காலத்துக்குப் பொருந்தக்கூடியதே. நாங்கள் போனபோது நீர்வரத்து குறைந்திருந்தது. மூன்று இடங்களில் மணல்திட்டில் இறங்கிப் படகை இழுக்க வேண்டியிருந்தது. பிற்பகலில் எதிர்காற்றும் சேர்ந்துகொண்டது. பதினொன்றரைக்குப் புறப்பட்டவர்கள் ஐந்து மணிக்குத்தான் கரையேறினோம். இரண்டரை மணிக்கே வந்து காத்திருந்த ஓட்டுநர் அதற்குள் போய்விட்டிருந்ததால், அவர் திரும்பி வரும்வரை ஈர உடையோடு மேலும் நாற்பது நிமிடம் நின்றோம்.

இதைவிடப் பெரிய குறை, அவர்கள் தந்த வரைபடத்தில் ஒன்பதாவது கிலோமீட்டரில் இருந்த தடுப்பணை குறிக்கப்படவில்லை என்பது. மேலிருந்து வருபவர் கண்ணுக்கு உயரம் குறைந்த தடுப்பணை நீரின்மேல் ஒரு நேர்கோடாக மட்டுமே தெரியும். ஆனால் அதன் அடியில் விழும் நீர் மீண்டும் சுவரை நோக்கியே சுழல்வதால், ஜாக்கெட் அணிந்தவரைக்கூட அது வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்கூட்டியே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடப்பதே ஒரே வழி. புறப்படும்போது கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பணியாளர் இந்தத் தடுப்பணையைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியத்தை எங்களில் என் மைத்துனர் மட்டும்தான் காதில் வாங்கியிருந்தார். உயிரோடு தொடர்புடைய செய்தியைச் சொல்லும் முறை இதுவல்ல.

இத்தகைய சேவையை எடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே அன்றைய நீர்வரத்து எவ்வளவு, மேலே உள்ள அணையிலிருந்து நீர் திறக்கப்படுமா, கரையேற வேண்டிய இடத்துக்கு நீரிலிருந்து பார்த்தால் தெரியும் அடையாளம் என்ன என்று கேட்டுவிடுவது நல்லது. மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆற்றில் எல்லாக் கரையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மறுபடியும் அதே இடத்தில் எடுப்பேனா என்றால், அந்தப் படகுகளுக்காக எடுப்பேன். காலை எட்டு மணிக்கே புறப்பட்டு, தடுப்பணையை வரைபடத்தில் நானே சிவப்பு மையால் குறித்துக்கொண்டு, ஓட்டுநரை இரண்டு மணிக்கு வரச் சொல்வேன்.