நுண்ணலை ஈரமானி: கோலாலம்பூரில் ஒரு சோதனை ஓட்டம்

எரிவாயுவில் கலந்த நீராவியை நுண்ணலைகளால் (மைக்ரோவேவ்) அளக்கும் நுண்ணலை ஈரமானி ஒன்றைக் கோலாலம்பூரில் உள்ள ஒரு விநியோகஸ்தர் சோதனைக்குத் தந்தார். அதை, எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் குளிர்கண்ணாடிப் பனிநிலைமானிக்கு (குளிர்வித்த கண்ணாடியில் எந்த வெப்பநிலையில் பனி படிகிறது என்று பார்க்கும் கருவி) பக்கத்திலேயே பொருத்தி ஓட்டிப் பார்த்தோம். இயற்கை எரிவாயுவில் நீராவி மிகுந்தால் ஹைட்ரேட் கட்டிகள் (நீரும் வாயுவும் சேர்ந்து உறையும் பனிபோன்ற திடப்பொருள்) குழாயை அடைக்கும், அந்த நீர் கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து எஃகையும் அரிக்கும் என்பதால், இந்த அளவீட்டில் அசட்டையாக இருக்க முடியாது.

கருவியின் உள்ளே, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நுண்ணலைகள் ஒத்ததிரும் உலோக அறை ஒன்றில் மெருகேற்றிய தகடு மெல்ல மெல்லக் குளிர்விக்கப்படுகிறது. அதன்மேல் திரவம் படிந்த உடனே அறையின் அதிர்வெண் இறங்குகிறது. நீரின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 80, ஹைட்ரோகார்பன் திரவங்களுக்கோ 2 அளவில்தான் என்பதால், படிந்தது எது என்று கருவியே பிரித்துச் சொல்லிவிடுகிறது. கண்ணாடியில் எண்ணெய்போல் மினுங்கும் படலத்தையும் நீர்ப்பனியையும் கண்ணால் பிரித்தறிவதில் இருவர் இரண்டு விதமாகச் சொல்வது எங்களுக்கு வாடிக்கை. அந்தத் தகராறு இந்தக் கருவியால் தீர்ந்தது. இதற்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

ஆனால் எல்லா வாயுவுக்கும் அல்ல. பனிநிலை, அதாவது நீராவி படியத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்ஜியம் செல்சியசுக்குக் கீழே இறங்கி நீர் உறைந்துவிட்டால், நுண்ணலை அதிர்வெண்ணில் பனிக்கட்டியின் மாறிலி 3 அளவுக்கே சுருங்கிவிடுகிறது. ஹைட்ரோகார்பனுடன் இருந்த பெரிய இடைவெளி அங்கே காணாமல் போகிறது. நன்கு உலர்த்தப்பட்ட வாயுவை அளப்பவர்கள் இதை விநியோகஸ்தரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். வாயுவை உலர்த்தும் கோபுரத்திலிருந்து அடித்துவரப்படும் கிளைக்கால் (glycol) என்ற உலர்த்தும் திரவமும் நீரைப் போலவே முனைவுத் தன்மை (மூலக்கூறில் மின்னேற்றம் இருபுறமாகப் பிரிந்திருப்பது) உடையது, அதனால் கருவியைக் குழப்பக்கூடும். எனவே வடிகட்டி இல்லாமல் இணைப்பது வீண்.

குளிர்விக்காமல் வாயுவிலேயே நேரடியாக அளக்கும் இரண்டாவது முறையைக் கையேடு வெகுவாகப் புகழ்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 50 பார் அழுத்தத்தில் பத்து லட்சத்தில் 100 பங்கு நீராவி அதிர்வெண்ணில் உண்டாக்கும் மாற்றமும், அழுத்தம் வெறும் 0.05 பார் அசைவதால் மீத்தேனின் அடர்த்தி உண்டாக்கும் மாற்றமும் என் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். மிகத் துல்லியமான அழுத்த, வெப்பத் திருத்தம் இல்லாவிட்டால் அது ஈரமானி அல்ல, அழுத்தமானி.

பொருத்த வந்த பொறியாளர் வாயுவைக் கருவிக்குக் கொண்டுவரும் மாதிரிக் குழாய்க்கு டெஃப்லான் கொண்டுவந்திருந்தார். கோலாலம்பூர்க் காற்றின் ஈரம் அதன் சுவர் வழியே ஊடுருவும் என்று சொல்லி, துருப்பிடிக்காத எஃகுக் குழாயாக மாற்றச் சொன்னோம். முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார். அளவுத்திருத்தத்துக்கு மட்டும் கருவியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமாம், அதுவரை மாற்றுக் கருவி தரமாட்டார்களாம். வாங்குபவர்கள் மாற்றுக் கருவியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.