ஹாம்ப்டன் கால்பந்து அருங்காட்சியகம்: அந்தக் கோப்பைக்காகவே போகலாம்

கிளாஸ்கோவுக்கு வருகிற உறவினர்களையும் நண்பர்களையும் நான் தவறாமல் அழைத்துப் போகும் இடம், ஹாம்ப்டன் பார்க் மைதானத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகம். கால்பந்தில் பெரிய ஈடுபாடு இல்லாதவர்கள்கூட அங்கே இரண்டு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரி. அங்கே மாலையானால் மணலில் பந்து உருளாத நாள் கிடையாது. அதனால் எனக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும், அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: செல்டிக்கா, ரேஞ்சர்ஸா? என் மகளிடம் பள்ளியில் கேட்டார்கள், என்னிடம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும்போது கேட்டார்கள். ஒருநாள் அவள் கேட்டாள்: "அம்மா, அந்த ரெண்டு டீமைத் தவிர வேற யாருமே ஜெயிச்சதில்லையா?" நியாயமான கேள்வி. 1985இல் அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்றுவித்த அபெர்டீன், பருவம் முழுக்க எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக்கை வென்றது. அதற்குப் பிறகு 2025 வரை, முழுசாக நாற்பது ஆண்டுகள், இந்த இரண்டு கிளாஸ்கோ கிளப்களைத் தவிர யாரும் சாம்பியன் ஆகவில்லை. 2025 முடிவில் இரண்டும் ஆளுக்கு 55 பட்டங்கள் என்று சமமாக நின்றன. பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த நாட்டில் கால்பந்து என்பதே இரண்டு பேர் வீட்டுச் சொத்து என்று தோன்றிவிடும்.

அந்த எண்ணத்தை மாற்றுவது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிக் கோப்பை. தோற்றால் வெளியே என்று நடக்கும் ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டியின் பரிசு அது. 1873இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் எட்வர்ட் அண்ட் சன்ஸ் என்ற வெள்ளிக்கடைக்காரர்கள் செய்தது, கிளப்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கியது. உலகில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் தேசியக் கால்பந்துக் கோப்பைகளில் இதுதான் பழையது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி இதைவிட இரண்டு வருடம் மூத்தது. ஆனால் அவர்களுடைய முதல் கோப்பையை 1895இல் பர்மிங்காமில் கடை ஜன்னலில் வைத்திருந்தபோது யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பக் கிடைக்கவேயில்லை. இவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இறுதி ஆட்டத்தன்று அசல் கோப்பை வெளியே போகும், வென்றவர்கள் தூக்கிக் காட்டுவார்கள், பிறகு நகலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அசல் இங்கே திரும்பிவிடும். அளவில் சின்னதுதான். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய பெரிய பெரிய கோப்பைகளை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இந்தக் கோப்பையை வென்றவர்கள் வரிசையைத் தொடக்கத்திலிருந்து படித்தால் வேறொரு நாடு தெரியும். முதல் மூன்று ஆண்டுகள், 1874, 75, 76, குயின்ஸ் பார்க். அடுத்த மூன்று ஆண்டுகள் வேல் ஆஃப் லெவன். 1885இலும் 1888இலும் ரென்டன். 1883இல் டம்பார்டன். குயின்ஸ் பார்க் தவிர மற்ற மூன்றும் கிளாஸ்கோவுக்கு வடமேற்கே, லெவன் ஆறு ஓடும் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களின் கிளப்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய தொழில் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது. மயிலும் பூவும் அச்சிட்ட அந்தச் சிவப்புத் துணி இந்தியச் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. சாயப்பட்டறைகள் நிறைந்த அந்தச் சின்னச் சின்ன ஊர்கள் பெரிய நகரங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தன. 1879 இறுதி ஆட்டம் 1-1 என்று முடிந்தது. தங்கள் கோல் ஒன்றை நடுவர் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு ரேஞ்சர்ஸ் மறுஆட்டத்துக்கு வரவே இல்லை, கோப்பை வேல் ஆஃப் லெவனுக்குப் போனது.

ரென்டன் கதையை என் மகள் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். 1888 இறுதி ஆட்டத்தில் கேம்பஸ்லாங்கை 6-1 என்று அடித்தார்கள். அடுத்து அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பை வென்ற வெஸ்ட் ப்ரோம்விச் ஆல்பியனை அன்றைய ஹாம்ப்டனுக்கு அழைத்து, கொட்டும் மழையில் 4-1 என்று ஜெயித்தார்கள். கால்பந்து அன்றைக்கு அந்த இரண்டு நாடுகளிலும்தான் பெரிதாக இருந்தது, எனவே தங்களை உலக சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. இரண்டே வருடத்தில் எல்லாம் கவிழ்ந்தது. 1890இல் லீக் தொடங்கியபோது ரென்டனும் முதல் பதினொரு கிளப்களில் ஒன்று. ஆனால் ஸ்காட்லாந்தில் அன்று பணம் வாங்கி ஆடுவது விதிமீறல். ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாகத் தடை செய்யப்பட்ட எடின்பரோ செயின்ட் பெர்னார்ட்ஸ் கிளப் வேறு பெயரில் வந்தபோது அவர்களோடு ரென்டன் ஆடியது. ஐந்து ஆட்டங்களிலேயே லீக்கிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். 1893இல் பணம் கொடுப்பது விதிப்படியே சரி என்றானது. அதற்குள் சின்ன ஊர்களின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரை நகரத்துக் கிளப்கள் எடுத்துக்கொண்டன. கூட்டம் வரும் ஊரில் பணம், பணம் இருக்கும் இடத்தில் ஆட்டக்காரர். 2025இன் 55-55க்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

லீக்கின் முதல் பட்டம்கூட இரண்டாகப் பங்கு போடப்பட்டதுதான். 1890-91இல் டம்பார்டனும் ரேஞ்சர்ஸும் தலா 29 புள்ளிகள். தீர்மானிக்க ஓர் ஆட்டம் வைத்தார்கள், அதுவும் 2-2. சரி, இருவரும் சாம்பியன் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் டம்பார்டன் தனியாகவே வென்றது.

குயின்ஸ் பார்க் வேறு மாதிரி. 1867இல் தொடங்கிய கிளப். ஆளாளுக்குப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிய காலத்தில் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடும் முறையை வளர்த்தவர்கள் இவர்கள். 1872 நவம்பர் 30 அன்று இங்கிலாந்தோடு நடந்த உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக இறங்கிய அத்தனை பேரும் இந்த ஒரே கிளப்தான். அந்த ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு ஒன்றும் இங்கே இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை நூற்றைம்பது வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள். பத்து முறை ஸ்காட்டிஷ் கோப்பை வென்ற இந்தக் கிளப், 2019 வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தராமலே இருந்தது. 2025 பிப்ரவரியில் இவர்கள் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸுக்கே போய், அவர்களைக் கோப்பைப் போட்டியில் 1-0 என்று வெளியேற்றினார்கள். கடைசி நிமிடங்களில் ரேஞ்சர்ஸுக்குக் கிடைத்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தார். அன்று எங்கள் தெருவில் குயின்ஸ் பார்க் ஆதரவாளர்கள் இத்தனை பேரா என்று வியந்தேன்.

குயின்ஸ் பார்க்கில் ஆடிய ஆண்ட்ரூ வாட்சனைப் பற்றியும் குழந்தைகளுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர், கறுப்பினத்தவர். 1881இல் லண்டனில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 6-1 என்று வென்றபோது அணித்தலைவர் அவர்தான். வெகு காலம் மறந்துபோயிருந்த அந்தப் பெயர் இப்போது ஸ்காட்லாந்துக் கால்பந்தின் புகழ்வரிசையில் இருக்கிறது. ரோஸ் ரெய்லியும் அந்த வரிசையில் உண்டு. பெண்கள் ஆட்டத்தை இங்கே மதிக்காத காலத்தில் இத்தாலிக்குப் போய் அந்த நாட்டு அணிக்கே ஆடியவர். என் மகள் தன் அணியில் இடது பக்கம் ஆடுகிறாள், அவள் நின்ற இடம் அதுதான்.

டிக்கெட் வாங்கும்போது மைதானச் சுற்றையும் சேர்த்தே வாங்குங்கள். உடை மாற்றும் அறை, ஆட்டக்காரர்கள் வெளியே வரும் சுரங்கப்பாதை, கோப்பை வாங்க ஏறும் படிகள் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெரியவர் கிளைட் கிளப் ஆதரவாளர். கோப்பையைத் தொடர்ச்சியாக அதிக காலம் வைத்திருந்தது எந்தக் கிளப் என்று கேட்டார். எல்லோரும் செல்டிக் என்றார்கள். கிளைட்தான். 1939இல் மதர்வெல்லை 4-0 என்று வென்றார்கள், உடனே உலகப்போர் வந்தது, அடுத்த கோப்பை 1947இல்தான். சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

இந்த மைதானத்துக்கும் சோதனைகள் இருந்திருக்கின்றன. 1909 இறுதி ஆட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் முதலில் 2-2, மறுஆட்டத்தில் 1-1. கூடுதல் நேரம் ஆடுவார்கள் என்று காத்திருந்த கூட்டம், ஆட்டம் முடிந்தது என்றதும் களத்துக்குள் இறங்கி, டிக்கெட் கூண்டுகளுக்குத் தீ வைத்தது. தீயணைக்க வந்தவர்களின் குழாய்களையும் வெட்டினார்கள். அந்த வருடம் கோப்பை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 1937இல் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்துக்கு 1,49,415 பேர் வந்தார்கள். இன்றைய ஐம்பதாயிரத்துச் சொச்சம் இருக்கைகளைப் பார்த்துவிட்டு அந்த எண்ணை நினைத்தால் நம்ப முடியாது.

லீக் வரலாற்றில் எனக்குப் பிடித்தது 1965. கடைசி நாளில் ஹார்ட்ஸ் தன் சொந்த மைதானத்தில் கில்மார்னாக்கோடு ஆடியது. கில்மார்னாக் 2-0 என்று ஜெயித்தது. இருவருக்கும் தலா 50 புள்ளிகள். அன்று கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, போட்ட கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். ஹார்ட்ஸ் 90 போட்டு 49 வாங்கியது. கில்மார்னாக் 62 போட்டு 33 வாங்கியது. வீட்டுக்கு வந்து மகளை வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 1.84, 1.88. கில்மார்னாக் சாம்பியன். கழித்துப் பார்த்திருந்தால் 41க்கு 29, ஹார்ட்ஸ் எளிதாக வென்றிருக்கும். 1-0 என்று முடிந்திருந்தால் வகுத்தாலும் ஹார்ட்ஸ்தான். இரண்டாவது கோலில்தான் பட்டமே கைமாறியது. 1986இல் அதே ஹார்ட்ஸுக்கு, கடைசி நாளில் டண்டீயோடு டிரா செய்தால் போதும் என்ற நிலை. எண்பது நிமிடத்துக்கு மேல் 0-0. அப்புறம் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆல்பர்ட் கிட் இரண்டு கோல் போட்டார். அதே நேரம் செல்டிக் பெய்ஸ்லியில் 5-0 என்று ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் கோப்பை இறுதி ஆட்டத்திலும் ஹார்ட்ஸ் அபெர்டீனிடம் 3-0 என்று தோற்றது. எடின்பரோவில் ஹார்ட்ஸ்காரர் யாரிடமும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

லீக் மூடிக்கொண்ட கதவைக் கோப்பை அவ்வப்போது திறந்துவிடுகிறது. 2016இல் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த எடின்பரோவின் ஹிப்ஸ் 114 வருடம் கழித்து வென்றது. 2021இல் பெர்த் நகரத்தின் செயின்ட் ஜான்ஸ்டன், கொரோனாவால் காலியாகக் கிடந்த ஹாம்ப்டனில், ஒரே பருவத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை இரண்டையும் எடுத்தது. 2025இல் அபெர்டீன் செல்டிக்கைப் பெனால்டியில் வென்றது. மகளின் கேள்விக்குப் பதிலாக நான் சொன்னது இவைதான்.

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். இப்போது இருப்பது 1903இல் திறந்த மூன்றாவது ஹாம்ப்டன். இரண்டாவது ஹாம்ப்டன் நடந்து போகும் தூரத்தில், கேத்கின் பார்க் என்ற பெயரில் பொதுப் பூங்காவாக இருக்கிறது. குயின்ஸ் பார்க் அங்கிருந்து கிளம்பியதும் தேர்ட் லனார்க் கிளப் அங்கே குடிவந்தது. 1904இல் லீக், 1889இலும் 1905இலும் கோப்பை வென்ற கிளப் அது. 1961இல் லீக்கில் மூன்றாம் இடம், ஒரே பருவத்தில் 100 கோல். ஆறே வருடத்தில், 1967இல், கடனோடு இழுத்து மூடப்பட்டது. நிர்வாகத்தைப் பற்றி அரசு விசாரணையே நடந்தது. செல்டிக் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை வென்ற அதே வருடம். கூட்டம் நின்று பார்த்த படிகள் மூன்று பக்கமும் இன்னும் இருக்கின்றன, நடுநடுவே மரம் வளர்ந்திருக்கிறது, கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். இதைப் பார்த்த பிறகுதான் வென்றவர்கள் பட்டியலில் இருக்கும் அந்தப் பெயர் எனக்கு ஒரு கிளப்பாகத் தெரிந்தது.

போக வழி: கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி மவுன்ட் ஃப்ளோரிடாவில் இறங்குங்கள். முதல் ஹாம்ப்டன் இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது அந்தப் பாதை. அதற்காகத்தான் 1880களில் குயின்ஸ் பார்க் அங்கிருந்து கிளம்ப வேண்டிவந்தது. அங்கே இப்போது ஹாம்ப்டன் பௌலிங் கிளப், சுவரில் 1882இல் இங்கிலாந்தை 5-1 என்று வென்ற ஆட்டத்தின் ஓவியம். ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிட்டு, போகும் முன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். செல்டிக், ரேஞ்சர்ஸ் வெற்றிகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் செல்டிக் பார்க்கிலும் ஐப்ராக்ஸிலும் தனித்தனியே சுற்றிக் காட்டுகிறார்கள், அங்கே போகலாம். மற்றவர்களுக்கு ஹாம்ப்டன். கேத்கின் பார்க்குக்குப் போகும்போது பிள்ளைகள் கையில் ஒரு பந்தைக் கொடுத்து அனுப்புங்கள்.