முதல் வேலை தேடுபவருக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் எவ்வளவு உதவும்?

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்பது பேச்சுப் பயிற்சிக்காகப் பல ஊர்களில் கிளப் கிளப்பாகக் கூடும் அமைப்பு. மேடையில் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்றுதான் பலரும் அதில் சேர்கிறார்கள். ஆனால் படிப்பு முடித்து வேலை தேடுகிறவருக்கு அங்கே உண்மையான லாபம் டேபிள் டாபிக்ஸ் என்ற திடீர்ப் பேச்சிலும், இவாலுவேட்டர் (பேச்சை மதிப்பிடுபவர்), டைமர் (நேரம் பார்ப்பவர்) மாதிரியான சில்லறை ரோல்களிலும் இருக்கிறது. தயாரித்துப் பேசும் பேச்சுக்கு மூன்றாவது இடம்தான் கொடுக்கலாம்.

1924-இல் கலிஃபோர்னியாவின் சான்ட்டா ஆனாவில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு இது. சம்பளத்துக்கு வரும் டிரெய்னர் கிடையாது. உறுப்பினர்களே நடத்தி, உறுப்பினர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள். அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் கிளப்புக்குக் கிளப் தரம் மாறும். விருந்தாளியாகப் போக யாரும் காசு கேட்பதில்லை. பணம் கட்டுமுன் இரண்டு மூன்று கிளப்புகளையாவது போய்ப் பாருங்கள். உறுப்பினராகச் சேர 18 வயது நிரம்பியிருந்தால் போதும்.

போன இடத்தில் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு மூன்று பேச்சு என்றால் மாதம் ஆறு பேச்சு. 30 பேர் மும்முரமாக இருக்கும் கிளப்பில் உங்கள் முறை ஐந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 12 பேர் கிளப் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கூட்டம் நிரம்பி வழிகிறதே என்று மயங்கிச் சேர்ந்துவிட்டு, ஆறு மாதத்தில் ஒரே ஒரு பேச்சோடு வெளியேறுவது வழக்கமாக நடப்பது. அதற்காக ஆறு பேர் கிளப்பும் வேண்டாம். ஒருவரே டைமர், கிராமரியன் (மொழியைக் கவனிப்பவர்), அ-கவுன்ட்டர் (தேவையில்லாத இடைச்சொற்களை எண்ணுபவர்) மூன்றையும் பார்ப்பார். ஃபீட்பேக் அரைகுறையாக வரும்.

டேபிள் டாபிக்ஸ் என்பது முன்கூட்டிச் சொல்லாமல் தலைப்பு கொடுத்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வைப்பது. நேரத்தை விளக்கிலோ அட்டையிலோ காட்டுவார்கள்: ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. ஹெச்ஆர் இன்டர்வியூவுக்கு இதைவிடச் சரியான ஒத்திகை இல்லை. 'உங்கள் ஊரில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?' என்று தலைப்பு வருகிறது என்று வையுங்கள். புதியவர் செய்யும் தவறு, கேள்வியையே இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, ஊரின் பெருமையைச் சொல்லி, 40 நொடியில் சரக்கு தீர்ந்து நிற்பது. முதல் வாக்கியத்திலேயே பதிலை வைக்க வேண்டும்: 'பஸ் ஸ்டாண்டை மாற்றுவேன்.' அடுத்து ஒரே காரணம். பிறகு கண்ணால் பார்த்த ஒரு காட்சி: மழை நாளில் முழங்கால் தண்ணீரில் பஸ் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மஞ்சள் தெரிந்ததும் முடிவுக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை நின்று பேசியவருக்கு 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' பெரிய பயமாக இருக்காது. முறைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். யாராவது முன்வருகிறீர்களா என்று கேட்கும்போது கையைத் தூக்கினால் போதும்.

இவாலுவேட்டர் ரோலைத்தான் புதியவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். இன்னொருவர் பேச்சைக் கேட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில், எல்லோர் முன்னாலும், அவர் மனம் நோகாமல் குறை சொல்ல வேண்டும். 'சூப்பராப் பேசுனீங்க, ஐ கான்டாக்ட் நல்லா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் பிராக்டீஸ் பண்ணுங்க' என்பது இவாலுவேஷன் அல்ல, மொய். 'அப்பாவின் கடையைப் பற்றிச் சொன்னபோது நின்று நிதானமாகச் சொன்னீர்கள், அது எங்களை வந்து தொட்டது. விலைக் கணக்குக்கு வந்ததும் பேப்பரைப் பார்த்தே படித்தீர்கள். ஐந்து எண்களுக்குப் பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் பேப்பரே தேவைப்படாது' என்று இடம் குறித்து, மாற்று வழியோடு சொல்வதுதான் வேலை. கூட வேலை செய்பவரின் புரோகிராம் கோடில் பிழை சொல்லவும், மேனேஜர் சொல்வதை முறைக்காமல் கேட்டுக்கொள்ளவும் இதே பழக்கம்தான் வேண்டும். விருந்தாளியாகப் போன அன்று இந்தப் பகுதியை மட்டும் உற்றுக் கேளுங்கள். எல்லா இவாலுவேட்டரும் மொய் எழுதினால் வேறு கிளப் பாருங்கள்.

டைமர், அ-கவுன்ட்டர் ரோல்கள் எளிது. அ-கவுன்ட்டர் 'உம்', 'சோ', 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' எத்தனை தடவை வந்தன என்று எண்ணுவார். அடுத்தவர் 'ஆக்சுவலி'யை ஒரு கூட்டம் முழுக்க எண்ணியவருக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தன் 'ஆக்சுவலி' காதில் விழ ஆரம்பிக்கும்.

தயாரித்த பேச்சில் முதல் புராஜெக்ட் ஐஸ் பிரேக்கர், 4 முதல் 6 நிமிடம். பிறகு பெரும்பாலும் 5 முதல் 7. பாத்வேஸ் என்ற ஆன்லைன் பாடத்திட்டம் ஐந்து நிலைகளாகப் போகும். நல்ல பயிற்சிதான். ஆனால் இங்கே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டும்: கை வீச்சு, நாடகக் குரல், முடிவில் ஒரு பொன்மொழி. மேடையில் கைதட்டு விழும். குரூப் டிஸ்கஷனில் எட்டுப் பேர் நடுவே இதைச் செய்தால் மார்க் போகும். அங்கே தேவைப்படுவது மற்றவர் சொன்னதைப் பிடித்து மேலே கொண்டுபோவது. அதற்குக் கிளப்பில் நேரடிப் பயிற்சி இல்லை. ஆஃபீஸ் ஈமெயில் எழுதுவது, தெரியாததை மேலதிகாரியிடம் 'தெரியவில்லை' என்று சொல்வது, இரண்டையும் வேறெங்காவதுதான் கற்க வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறும் என்று தயங்குகிறவர்களுக்கு: தடுமாறிப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை, இது அமைப்பின் பெரிய பலம். தமிழிலேயே கூடும் கிளப்புகளும் உண்டு. சிங்கப்பூரில் அப்படிச் சில நடக்கின்றன. ஐடி கம்பெனிகளுக்குள் இயங்கும் கிளப்புகளில் வெளியாட்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடையாது.

சந்தா அரையாண்டுக்கு ஒருமுறை, டாலர் கணக்கில். புதியவருக்குச் சேர்க்கைக் கட்டணம் தனி. வேலை இல்லாதவருக்கு அது சின்னத் தொகை அல்ல. ஏப்ரல் 1, அக்டோபர் 1 இரண்டும் சந்தா நாட்கள்; நடுவில் சேர்ந்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். அடுத்த தவணைக்கு முன், கிளப்பில் இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்து டேபிள் டாபிக்ஸ், மூன்று இவாலுவேஷன், இரண்டு பேச்சு தேறியிருந்தால் தொடரலாம். தேறவில்லை என்றால் ரோல்களை ஒதுக்கித் தரும் வைஸ் பிரெசிடென்ட் எஜுகேஷனிடம் முதலில் கேளுங்கள்; அப்போதும் கிடைக்காவிட்டால் புதுப்பிக்க வேண்டாம். ரெஸ்யூமில் 'பெஸ்ட் ஸ்பீக்கர் ரிப்பன்' என்று எழுதாதீர்கள், இன்டர்வியூ எடுப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. கிளப்பின் பொருளாளராகவோ செயலாளராகவோ இருந்து சந்தா வசூலித்ததையும் கூட்டம் நடத்தியதையும் எழுதினால், அதைப் பற்றிக் கட்டாயம் ஒரு கேள்வியாவது கேட்பார்.