காலைல அஞ்சரைக்கு பேட்டரி என்ன காட்டுது? வீட்டு சோலார்ல ஆறு வருஷ அனுபவம்

எங்களுக்கு பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையக் கடந்துச்சே, அன்னைக்கு எங்க தென்னந்தோப்புல பாதிக்கு மேல சாஞ்சிருச்சு. ஆனா மரம் போனத விட பெரிய கவலை அப்பாவோட மூச்சுத்திணறல்தான், ராத்திரி நெபுலைசர் வைக்க கரண்ட் இல்ல. வெளி மாவட்டத்துலேர்ந்தெல்லாம் ஈபி ஆளுங்க வந்து சேத்துல எறங்கி கம்பம் நட்டாங்க, அப்பயும் எங்க தெருவுக்கு கரண்ட் வர இருபத்தி மூணு நாள் ஆயிருச்சு. அந்த இருபத்தி மூணு நாளும் பக்கத்து ஊர்ல ஜெனரேட்டர் வச்சிருந்த ஒரு வீட்டுக்கு அப்பாவ வண்டில ஒக்கார வச்சு கூட்டிட்டுப் போயிட்டு வருவேன். 2019 சித்திரைல சோலார் போட்டதுக்கு காரணம் அதுதான், கரண்ட் பில் கொறையணும்னு போட்டது இல்ல.

325 வாட் பேனல் ரெண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஆம்ப் ஹவர் டியூபுலர் பேட்டரி (டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துற லெட் ஆசிட் வகை, ஒவ்வொண்ணும் 12 வோல்ட்) ரெண்டு சீரிஸ்ல. ஆம்ப் ஹவர்ங்கறது பேட்டரி எவ்ளோ புடிக்கும்ங்கற அளவு. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஈபிலயே இருக்கு. ஃபேன், லைட்டு, டிவி, வைஃபை, காலைல மிக்ஸி, அப்பறம் நெபுலைசர், இதெல்லாம் சோலார்ல.

பேனல் பத்தி எழுத பெருசா ஒண்ணும் இல்ல, மாசம் ரெண்டு தடவ தொடச்சு விட்டா போதும், ஆறு வருஷமா அது பாட்டுக்கு ஓடுது. எழுத வந்தது பேட்டரில எவ்ளோ சார்ஜ் இருக்குன்னு தெரிஞ்சுக்கறதப் பத்தி. இது தெரியாததாலதான் எங்க மொத செட் பேட்டரி மூணு வருஷம் கூட முடியல, 2021 மார்கழிலயே போயிருச்சு.

அப்ப நாங்க பார்த்தது இன்வெர்ட்டர் முன்னாடி இருக்குற அஞ்சு பச்சை லைட்ட மட்டும்தான். மத்தியானம் பார்த்தா அஞ்சும் எரியும், சரி ஃபுல்லா இருக்குன்னு நெனச்சுக்குவோம். அந்த லைட்டுக்கு வோல்டேஜ் மட்டும்தான் தெரியும்ங்க. வெயில் ஏறி பேனல்லேர்ந்து இருபது ஆம்ப் உள்ள போயிட்டிருக்கும்போது பாதி காலியான பேட்டரி கூட 27, 28 வோல்ட் காட்டும், அஞ்சு லைட்டும் எரியத்தான் செய்யும். காலைல ஆறு மணிக்கு அம்மா சட்னி அரைக்க மிக்ஸிய போட்டா முப்பது ஆம்புக்கு மேல இழுக்கும், ஒடனே வோல்டேஜ் 23க்கு எறங்கி ஒரே லைட்டுல நிக்கும், பீப் வேற அடிக்கும். மிக்ஸிய நிறுத்தி அரை மணி நேரம் விட்டா மறுபடி மூணு லைட்டு. ஒரே பேட்டரி, ஒரே நாள், மூணு விதமான பதில். சார்ஜ் ஆகும்போதும் லோடு இழுக்கும்போதும் பார்க்குற வோல்டேஜ் பேட்டரியோட உண்மையான நெலமய சொல்லாது, இத எனக்கு யாராவது 2019லயே சொல்லியிருந்தா அந்த பேட்டரி இன்னும் ரெண்டு வருஷம் வந்திருக்கும்.

ரெண்டாவது செட் 2022 தைல வாங்குனப்ப கூடவே பேட்டரி ஆசிட்டோட அடர்த்தி பார்க்குற ஹைட்ரோமீட்டர் ஒண்ணும், வோல்டேஜ் பார்க்க நல்ல மல்டிமீட்டரும் வாங்குனேன். வோல்டேஜ் பார்க்கணும்னா வெயில் வர்றதுக்கு முன்னாடி, லோடு எல்லாம் ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரமாவது விட்டுட்டு பார்க்கணும். இன்னொன்னு, இது முக்கியம். இன்டர்நெட்ல கெடைக்கிற சார்ட்ல 12 வோல்ட் பேட்டரி ஃபுல்லுன்னா 12.7ன்னு போட்டிருக்கும், எங்களுது எத்தன நாள் சார்ஜ் பண்ணாலும் 12.5க்கு மேல நிக்காது, பேட்டரி மோசம்னு ஒரு மாசம் கவலைல கெடந்தேன். அப்பறம்தான் புரிஞ்சுது, நம்ம ஊர் இன்வெர்ட்டர் டியூபுலர் பெரும்பாலும் ஃபுல் சார்ஜ்ல ஆசிட் கிராவிட்டி, அதாவது தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி, 1.240 வர்ற மாதிரிதான் வருது, அந்த சார்ட் எல்லாம் 1.265, 1.280 ஆசிட் உள்ள பேட்டரிக்கு. கிராவிட்டியோட 0.84 கூட்டுனா ஒரு செல்லோட வோல்டேஜ் கிட்டத்தட்ட வந்துரும், 2.08, ஒரு பேட்டரில இருக்குற ஆறு செல்லுக்கு பன்னெண்டரை. அப்ப எங்க ரெண்டு பேட்டரிக்கும் சேத்து 25 வோல்ட்தான் ஃபுல்.

ஹைட்ரோமீட்டர் ஒழுங்கா பார்த்தா பொய் சொல்லாது. ஒரு தடவ பன்னெண்டு செல்லும் வரிசையா பார்த்துட்டு வரேன், எல்லாம் 1.235, 1.240, ஏழாவது செல்லுல மட்டும் ஹைட்ரோமீட்டர் மிதவை 1.180லயே நின்னுருச்சு. மொத்த வோல்டேஜ்ல அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியல. ஒருநாள் முழுக்க ஈபில மெதுவா சார்ஜ் போட்டு விட்டதும் அது மெல்ல 1.225 வரைக்கும் ஏறி வந்துச்சு, விட்டிருந்தா அந்த ஒரு செல்லே மொத்தத்தையும் இழுத்துட்டுப் போயிருக்கும். ஆனா தெனமும் காலைல மூடிய தொறந்து ஆசிட் உறிஞ்சி பார்க்கறதெல்லாம் நடக்காது, கைல சட்டைல பட்டா ஓட்டைதான். டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தினதும் ஒடனே பார்த்தா கொறச்சுக் காட்டும், சார்ஜ் ஆகி கலந்தப்பறம் பார்க்கணும். மாசம் ஒரு தடவைக்கு அது சரி.

தெனப்படிக்கு நான் போட்டது ஷன்ட் மீட்டர். ஆயிரத்து எட்டுநூறு ரூபாய்க்கு வாங்குனேன், 100 ஆம்ப் ஷன்ட். பேட்டரி நெகட்டிவ்ல ஒரு தடிச்ச பித்தளைக் கட்ட மாதிரி உக்காரும், உள்ள போறது வெளிய வர்றது ரெண்டையும் எண்ணி ஆம்ப் ஹவர்லயும் பர்சன்ட்லயும் காட்டும். தண்ணி டேங்க்ல எவ்ளோ ஊத்துனோம் எவ்ளோ எடுத்தோம்னு கணக்கு வைக்கிற மாதிரிதான்.

போட்டு நாலு மாசத்துல அதுவும் ஒரு பெரிய குழப்பம் பண்ணுச்சு. ஐப்பசி மழை, மூணு நாளா வெயிலே இல்ல, மீட்டர் 61 பர்சன்ட்னு தைரியமா காட்டுது, விடியக்காலைல நாலு மணிக்கு இன்வெர்ட்டர் கட்டாயிருச்சு. எந்திரிச்சுப் போயி மல்டிமீட்டர் வச்சா 23.4. கிட்டத்தட்ட காலி. மீட்டர் டூப்ளிகேட்டுன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஒயர கழட்டாமலே அதுல போற கரண்ட்ட காட்டுற டிசி கிளாம்ப் மீட்டர் எரவல் வாங்கிட்டு வந்து பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து கெளம்புற ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியா கவ்வ விட்டு பார்த்தேன். ஷன்ட் வழியா போற ஒயர் பூஜ்யம், ஆனா பக்கத்துலயே மெலிசா ஒரு கருப்பு ஒயர், அதுல 1.5 ஆம்ப் போயிட்டிருக்கு. அப்பா ரூம் 12 வோல்ட் டிசி ஃபேனுக்கும் வைஃபைக்கும் 24 வோல்ட்ட 12 ஆக்குற கன்வெர்ட்டர் மாட்டுன எலக்ட்ரீஷியன் நெகட்டிவ்வ நேரா பேட்டரி டெர்மினல்லயே முறுக்கி விட்டிருக்காரு. ஷன்ட்டோட கண்ணுக்கு அந்த லோடே தெரியாது. ஒன்றரை ஆம்ப் தானேன்னு தோணும், ஒரு நாள் முழுக்க ஓடுனா 36 ஆம்ப் ஹவர், மூணு நாள்ல நூத்தைத் தாண்டிரும். வெயில் நாள்ல தெனம் பேட்டரி ஃபுல் ஆனதும் மீட்டர் தானே 100ன்னு கணக்க நேராக்கிக்கிட்டதால இது இத்தன நாள் வெளிய தெரியல. அந்த ஒயர கழட்டி ஷன்ட்டோட மறுபக்கம் மாட்டுனதும் கணக்கு சரியாயிருச்சு. ஷன்ட் போட்டிருக்கவங்க எல்லாரும் இத ஒரு தடவ பார்த்துருங்க, பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல ஷன்ட்டுக்குப் போற ஒயர தவிர வேற ஒரு ஒயரும் இருக்கக் கூடாது.

மீட்டர் செட்டிங்ல மூணு விஷயம் மாத்துனேன். ரெண்டு வருஷம் ஆனப்பறம் பேட்டரி 150 ஆம்ப் ஹவர் இல்லங்க. ஃபுல் பண்ணிட்டு 15 ஆம்ப் கிட்ட லோடு போட்டு ஒவ்வொரு பேட்டரியும் 10.8க்கு வர்ற வரைக்கும் ஓட விட்டுப் பார்த்தேன், 118தான் வந்துச்சு, அதனால மீட்டர்ல 115ன்னு வச்சேன். அடுத்தது, லெட் ஆசிட்ல நூறு ஆம்ப் ஹவர் எடுத்தா திருப்பி நூத்திப் பத்துக்கு மேல போட்டாதான் நெறையும், மீட்டர் அத கழிக்கலைன்னா தெனம் கொஞ்சம் கொஞ்சமா கூடுதலாவே காட்டிட்டு வரும். அதே மாதிரி 100ன்னு மீட்டர் தன்னைத்தானே திருத்திக்கறது எப்ப நடக்கணும்னா, வோல்டேஜ் 28.8ல நிக்கும்போதே கரண்ட் நாலஞ்சு ஆம்புக்குக் கீழ எறங்கணும், அதுதான் நெசமான ஃபுல்.

2024 ஆவணில லித்தியத்துக்கு மாறினோம், 24 வோல்ட் 100 ஆம்ப் ஹவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. டியூபுலர் ஃபுல் ஆகற நேரத்துல வர்ற ஆசிட் நெடி அப்பாவுக்கு ஒத்துக்கல, அதுதான் காரணம். பழைய செட்ட சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்தோம், இப்பவும் ஓடுது. புதுசுல பிஎம்எஸ் இருக்கு, பேட்டரிக்குள்ளயே இருந்து செல்ல எல்லாம் கண்காணிக்கிற போர்டு, புளூடூத் ஆப்ல பர்சன்ட் வருது, அப்பறம் எதுக்கு ஷன்ட்னு கழட்டி பரண்ல போட்டுட்டேன். அது தப்பு. அந்த வருஷம் நவம்பர் கடைசில ஃபெங்கல் புயல் வந்த வாரம் எங்க பக்கமும் விடாத மழை, ஆப் 34ன்னு காட்டிட்டிருக்கும்போதே ராத்திரி மூணு மணிக்கு பேட்டரி பட்டுன்னு கட் பண்ணிருச்சு, அப்பா இருமிட்டு ஒக்காந்திருக்காரு, நல்லவேளை அப்ப ஈபி இருந்துச்சு. எங்க பிஎம்எஸ் சின்ன கரண்ட்ட சரியா எண்ணல, ராத்திரி வைஃபை, இன்வெர்ட்டர் சும்மா நிக்கிறதுக்கு எடுக்கறது இதெல்லாம் கணக்குல பாதி விட்டுப்போச்சு, ஃபுல் ஆகாம நாள் ஓட ஓட பெசகு கூடிட்டே வந்திருக்கு. லித்தியத்துல வோல்டேஜ் பார்த்து கண்டுபிடிக்கலாம்னாலும் முடியாது, எட்டு செல்லும் சேந்து 26.1லேர்ந்து 26.5 வரைக்குமே கெபாசிட்டில பெரும்பகுதி அடங்கிரும், கீழ விழும்போது ஒரேடியா விழும்.

ஷன்ட் மறுநாளே பரண்லேர்ந்து எறங்கிருச்சு. மழைக்காலத்துல வாரம் ஒரு தடவ ஈபிலயாவது ஃபுல் சார்ஜ் போட்டு ரெண்டு கணக்கையும் நேராக்கிடறேன். செல் வோல்டேஜ் வித்தியாசம் பார்க்க மட்டும் ஆப், அதுக்கு அது ரொம்ப நல்லா இருக்கு.

மத்தியான நம்பர நாங்க இப்ப பார்க்கறதே இல்ல. அம்மா காலைல அஞ்சரைக்கு வாசத் தெளிச்சுட்டு வந்ததும் மீட்டரப் பார்த்து பால் கணக்கு நோட்டுலயே ஓரமா அந்த நம்பர எழுதிருவாங்க, நான் வெளியூர்ல இருந்தா போன்ல சொல்லுவாங்க. ரெண்டு வருஷ நோட்டு இருக்கு. பங்குனி சித்திரைல 60க்குக் கீழ போனதே இல்ல, கார்த்திகைல 30 வரைக்கும் வருது. ராத்திரி ஒம்பது மணிக்கு 40க்குக் கீழ இருந்தா டிவியும் ஹால் ஃபேனும் ஈபிக்கு மாத்திருவோம், மிச்சம் இருக்கறது அப்பா ரூமுக்கு. நெபுலைசர் ஒரு தடவ வச்சா பத்து நிமிஷம், ஒரு பர்சன்ட் தான் கொறையுது, அதுக்கு எப்பவும் இருக்கணும்.

இன்னைக்கு காலைல 57. நேத்து சாயங்காலமே மேகம் போட்டிருந்துச்சு.