கடலோரத்துச் சிறு பெட்டிக்கு எது சரி: பித்தளைக் கீலா, மரக் கீலா?

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். எட்டங்குல நீளம், ஐந்தங்குல அகலம், மூன்றங்குல உயரம். வளையலும் கம்மலும் போட்டு வைக்கிற அலங்காரப் பெட்டி. ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, மூடியைத் திறந்து பார்த்து, பிறகு விலை கேட்கிற சாமான் இது. திறந்து பார்க்கிற அந்த நொடியில் கை உணர்வது கீலைத்தான். பெட்டியின் மேல் எவ்வளவு செதுக்கல் இருந்தாலும் மூடி ஆடினால், கிறீச்சிட்டால், அந்த வேலை பாழ்.

இரும்புக் கீலைப் பற்றி நீட்டிப் பேச வேண்டாம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சாயம் பூசிப் பூசித்தான் நூறாண்டுக்கு மேல் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதித்துப் பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட காற்றில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத முலாம் பூசிய தகடு எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, வேல மர வகைகளின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் திருகாணியைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்புக் கறை இறங்கும். இழைப்புளி போட்டாலும் அது போகாது.

ஆகவே போட்டி பித்தளைக்கும் மரத்துக்கும்தான்.

பித்தளைக் கீலின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரியும். கடையில் கிடைக்கும், கால் மணி நேரத்தில் பொருத்திவிடலாம், பார்க்க அழகு. தெரியாத பக்கம் ஒன்று உண்டு. வாங்கும்போது ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்டினால் அது இரும்பின் மேல் பூசிய பித்தளை, அங்கேயே வைத்துவிடலாம். தகட்டில் ஒட்டாமல், நடுவில் உருண்ட கணுவில் மட்டும் ஒட்டினால், தகடு பித்தளை, உள்ளே ஓடுகிற ஊசி இரும்பு. விலை குறைந்த சின்னக் கீல்களில் இது சாதாரணம். உப்புக் காற்றில் முதலில் சாகிறது அந்த ஊசிதான். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். கணுவுக்குள் அது வீங்கி, கீல் இறுகி, மூடியைத் திறக்கும் வேகத்தில் திருகாணிகள் மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். வெளியில் கீல் பளபளவென்றுதான் இருக்கும். காந்தத்தைத் திருகாணியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பித்தளைத் தகட்டில் இரும்புத் திருகாணி போட்டால் இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து திருகாணியை இன்னும் சீக்கிரம் தின்னும்.

தகடு, ஊசி, திருகாணி மூன்றும் பித்தளையாகவே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் பராமரிப்பு என்ற கேள்வி நிற்கிறது. எனக்கு இந்த ஒப்பீட்டையே தீர்த்து வைப்பது அதுதான். குத்துவிளக்கில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவலாம். பெட்டியில் இருக்கிற கீலுக்குப் புளி போட முடியாது. புளித்தண்ணீர் தகட்டுக்கு அடியில் இறங்கி மரத்தில் கறை விடும், வார்னிஷ் வெளுக்கும், உள்ளே தங்கிய ஈரம் மறுபடி களிம்பை வளர்க்கும். சரியாகத் துலக்க வேண்டுமென்றால் கீலைக் கழற்ற வேண்டும். பத்து மில்லிமீட்டர் பலகையில் திருகாணி பிடித்திருப்பதே ஏழெட்டு மில்லிமீட்டர்தான். இரண்டு முறை கழற்றி மாட்டினால் புரி தேய்ந்துவிடும். மூன்றாம் முறை தீக்குச்சி சொருகித்தான் மாட்ட வேண்டும். துலக்காமலே விட்டால், வருஷக் கணக்கில் பித்தளையிலுள்ள துத்தநாகம் உப்பில் கரைந்து, தகடு செம்பு நிறமாகிப் பொறபொறத்துவிடும். அது மெதுவாக நடக்கும், உடனே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நடந்தது திரும்பாது.

மரக் கீலின் கோளாறு இதற்கு நேர்மாறு. கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேரும்போது மரம் ஈரம் குடித்து உப்பும், கீல் இறுகும். மாசி பங்குனியில் தானாகவே தளர்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். போய் வருகிற கோளாறு. அந்தப் போக்குவரத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டால் அது கோளாறே இல்லை. கெட்டாலும் மாற்ற வேண்டியது மூன்று மில்லிமீட்டர் மூங்கில் குச்சி ஒன்றுதான்.

மரக் கீலில் இரண்டு வகை உண்டு. இரண்டு கை விரல்களைக் கோத்தது போல் வெட்டி நடுவில் ஊசி ஓட்டுவது ஒன்று. பழைய வீட்டுக் கதவுகள் சுழன்ற குடுமியைப் போல, மூடியின் இரு முனையிலும் முளை வைத்துப் பக்கப்பலகையில் சுழல விடுவது இன்னொன்று. விரல் கீல் கண்ணுக்கு அழகு, வாங்குகிறவர் தடவிப் பார்ப்பார். ஆனாலும் இந்தக் கரையில் என் ஓட்டு குடுமிக்கே. காரணம் எளிது: மரம் குறுக்குவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம். மூடியின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. குடுமியின் முளையும் அதே வாக்கில் நிற்கிறது. ஆகவே மழைக்காலத்தில் மூடி எவ்வளவு பருத்தாலும் முளையை நோக்கிப் பருக்காது, முன்பக்கம்தான் நகரும். ஐந்தங்குல அகலத் தேக்கு மூடி கோடைக்கும் மழைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகலும். அந்த ஒரு மில்லிமீட்டரை முன்விளிம்பில் வாங்கிக்கொண்டால் கீலுக்குச் சேதியே போகாது.

செய்யும் முறை இது. பக்கப்பலகைகள் 10 மி.மீ. தடிமன், 75 மி.மீ. உயரம். மூடி 12 மி.மீ. தடிமன். மூடி இரண்டு பக்கப்பலகைகளுக்கு நடுவில், முன்பலகை பின்பலகைகளின் தலைமேல் உட்கார வேண்டும். முன்பலகை உயரம் 63, பின்பலகை 62.5. அந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். மூடி எங்கே நிற்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. மூடியின் நீளம் உள் இடைவெளியைவிட 1 மி.மீ. குறைவாக, ஒரு பக்கத்துக்கு அரை. முன்விளிம்பு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விரல் போட்டுத் தூக்கவும் உதவும், மழைக்காலத்து நகர்வும் கண்ணில் படாது.

துளையின் மையம் பக்கப்பலகையின் மேல்விளிம்பிலிருந்து 6, பின்முனையிலிருந்து 6 மி.மீ. இரண்டு பக்கப்பலகைகளையும் இருபுறமும் ஒட்டும் டேப்பால் சேர்த்து, அடியில் உதவாக்கட்டை வைத்து, ஒரே ஓட்டில் 3 மி.மீ. துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் அரை மில்லிமீட்டர் பிசகும். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சுழலும். பெட்டியைப் பசை இல்லாமல் கூட்டி, பின்பலகைமேல் அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டு விசிட்டிங் கார்டு வைத்து, மூடியை இடத்தில் வைத்து இறுக்கிப் பிடித்து, பக்கத் துளை வழியாகவே பிட்டை விட்டு மூடியின் முனையில் குறி போடுங்கள். பிறகு மூடியை எடுத்து 3.2 மி.மீ. பிட்டால் 21 மி.மீ. ஆழம். முளை பக்கப்பலகையில் இறுக்கமாகவும் மூடியில் லேசாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் முளை வெளியே நடந்து வரும்.

மூடியின் பின்புறக் கீழ்மூலையை மட்டும் 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும். அந்த மூலைதான் திறக்கும்போது பின்பலகையை உரசும். பின்புற மேல்மூலையை உருட்டவே கூடாது. அது கூராக நின்றால், மூடி செங்குத்தைத் தாண்டி ஐந்து பாகை சாய்ந்ததும் அந்த மூலை பின்பலகையில் முட்டும். 95 பாகையில் மூடி தானாக நிற்கும். சங்கிலி வேண்டாம், நாடா வேண்டாம். அழகுக்காக இரண்டு மூலையையும் உருட்டிவிட்டு, மூடி பின்னால் மல்லாந்து முளை முறிவதுதான் புதுக் கை செய்கிற முதல் தப்பு.

முளைக்கு மூங்கில் நல்லது. முற்றிய மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய பகுதியைச் சீவி, தட்டார் பட்டறையில் கம்பி இழுக்கிற துளைத் தகட்டின் வழியே தட்டி இழுத்தால் சீரான 3 மி.மீ. குச்சி வரும். நீளம் 30: பக்கப்பலகைக்குள் 10, நடுவில் இடைவெளி அரை, மூடிக்குள் 19.5. கையால் அழுத்தியே உள்ளே போக வேண்டும். சுத்தியல் எடுத்தால் பக்கப்பலகையின் மூலை பிளக்கும், அங்கே துளைக்கு வெளியே மிஞ்சியிருப்பது நாலரை மில்லிமீட்டர்தான். வெளிமுனையில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. மூடித் துளைக்குள் தேன்மெழுகு அல்லது மெழுகுவத்தித் துருவல். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். சிக்கு ஏறி மணலையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு தப்பு கீலில் இல்லை, பூச்சில் இருக்கிறது. மூடியின் மேற்புறம் மூன்று கை வார்னிஷ், உட்புறம் ஒன்றுமில்லை என்று விட்டால் உட்புறம் மட்டும் ஈரம் குடித்து மூடி வளையும். வளைந்த மூடி முளையைக் கோணலாக இழுக்கும். பழி கீலின் மேல் விழும். இரு புறமும் ஒரே எண்ணிக்கைப் பூச்சு, முனைகளுக்கு ஒன்று கூடுதல். துளைக்குள் வார்னிஷ் போகாமல் ஈர்க்குச்சி சொருகிக்கொள்ளலாம்.

விரல் கீல்தான் வேண்டும் என்பவர்களுக்கு: மூடிக்கும் பின்பலகை உள்ள பெட்டிக்கு அது பொருந்தும். 10 மி.மீ. தடிமன் கட்டையில் 8 மி.மீ. விரல் ஐந்து, மொத்தம் 40. அதற்கு மேல் அகலம் போக வேண்டாம், ஏனென்றால் கீலின் நார் மேலிருந்து கீழாகவும் பலகையின் நார் கிடையாகவும் ஓடுவதால் அகலக் கீல் பசையை விட்டுத் தெறிக்கும். நார் கண்டிப்பாக விரலின் நீளத்தில் ஓட வேண்டும், ஊசியோடு சேர்ந்து ஓடக் கூடாது. மாறினால் துளை போடும்போதே விரல் உதிரும். துளை போட்ட பிறகு விரல் வெட்டாமல், விரல்களை வெட்டிக் கோத்துக் கட்டி இறுக்கிய பிறகு துளை போடுங்கள். விரலுக்கு விரல் ஒரு விசிட்டிங் கார்டு இடைவெளி. மோதிரப் பெட்டி போன்ற மிகச் சின்னதற்கு வலைச்சாமான் கடையில் கிடைக்கிற 2 மி.மீ. தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, ஊசியாக ஓட்டலாம், உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வளைந்து கொடுக்கும், கனமான மூடிக்கு ஆகாது.

மரம் எது? விரல் கீலுக்கு மட்டும் என்றால் தேக்கைவிட நம் ஊர் வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலத்தின் வைரம் (உள்ளே முற்றிய பகுதி). விறகென்றும் கரியென்றும் போகிற இந்தக் கட்டை ஈரத்துக்கு மிகக் குறைவாகவே சுருங்கி விரிகிறது, கடினமும் அதிகம். கோணல் மரம்தான், ஆனால் நாற்பது மில்லிமீட்டர் துண்டுக்குக் கோணல் ஒரு பொருட்டா? வெளியிலுள்ள வெளிர்மஞ்சள் பகுதியை ஒரு இழை விடாமல் செதுக்கிவிடுங்கள், அது உளுத்துப்போகும். பலகைக்குப் பூவரசு அருமை: வைரம் கருஞ்சிவப்பில் நிற்கும், நார் நெருக்கமாக இருப்பதால் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் போடும் மூலைத் துளையிலும் பிளக்காது. பனையைப் பலகையாக வைக்கலாம், கறுப்பு நாரின் அழகுக்கு ஈடில்லை. பனையில் கீல் வேண்டாம். கடின நாருக்கு நடுவிலிருக்கிற மென்சதை துளையில் பொடிந்து விடும், பிட்டும் நாரோடு வழுகும்.

பின்பலகையும் பக்கப்பலகையும் ஒரே மரத்தில், முடிந்தால் ஒரே பலகையிலிருந்து எடுங்கள். இரண்டும் ஒரே அளவில் உப்பினால்தான் மூடிக்கும் பின்பலகைக்கும் நடுவே உள்ள அரை மில்லிமீட்டர் மழையிலும் நிலைக்கும். பின்பலகை மட்டும் அதிகம் உப்பினால் மூடி முன்பக்கம் தூக்கும். அப்படித் தூக்கினால் பின்பலகையின் தலையை ஒரே ஒரு சீவல் இழைத்துவிடலாம்; அதையும் கார்த்திகையில் செய்யாமல், ஈரம் வடிந்த பிறகும் தூக்குகிறதா என்று பார்த்துச் செய்வது நல்லது.

பித்தளை வெல்கிற இடங்களும் உண்டு. பலகை 6 மி.மீ.க்குக் கீழே என்றால் முளைக்கு மரம் போதாது. கடைக் கல்லாப்பெட்டி போல நாள் முழுக்கத் திறந்து மூடுவது என்றால் மூங்கில் தேயும். நாளைக் காலை இருபது பெட்டி வேண்டும் என்று ஆர்டர் வந்தால் குடுமிக்கு நேரமில்லை. அப்போது காந்தத்தில் தேறிய கீல் வாங்கி, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியால் துளைக்குப் புரி போட்டு, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளைத் திருகாணியை மெழுகு தடவி ஏற்றுங்கள். நேராக ஏற்றினால் பித்தளைத் தலை முறுகி அறுந்துவிடும். பன்னிரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிக்கு மேலே சொன்ன எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். 3 மி.மீ. மூங்கில் அந்த எடைக்குப் போதுமென்று சொல்ல மாட்டேன், 5 மி.மீ. பித்தளைக் கம்பியை முளையாக வைத்து, உதவாப் பலகையில் ஒன்று கூட்டி, ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்கத் திண்ணையில் விட்டுப் பார்த்த பிறகு நல்ல மரத்தில் கை வையுங்கள்.